பதக்கக்காரர்கள் எல்லாம் முன்வரிசைக்கு

உத்தரவு ஒரே வரிதான். போரில் பதக்கம் வாங்கித் திரும்பி வந்து போலீசில் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும், பதக்கத்தைக் குத்திக்கொண்டு, காலையில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நிற்க வேண்டும்.

அது வந்ததிலிருந்து ஏட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கதையை நடுவில் வந்து பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏட்டும் எஸ்.ஐ.யும் போரில் ஒரே படைப்பிரிவு. தொடையில் குண்டு பாய்ந்து பள்ளத்தில் கிடந்த ஏட்டை முதுகில் சுமந்துகொண்டு மலையிறங்கியவர்தான் இன்றைய எஸ்.ஐ. அதற்காக அவருக்குப் பதக்கம். குண்டு படுவதற்கு முன் ஏட்டு செய்த காரியத்துக்கு ஏட்டுக்கும் ஒன்று. திரும்பி வந்ததும் இருவருக்கும் அரசாங்கம் போலீஸ் வேலை கொடுத்தது. எல்லையைக் காத்தவர்கள் இனி வீதியைக் காப்பார்கள் என்று பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. பரீட்சை எழுதியவர் எஸ்.ஐ. ஆனார். புத்தகத்தைப் பார்த்தாலே கொட்டாவி விடுகிறவர் ஏட்டாகவே நின்றார். ஏட்டின் தங்கையை எஸ்.ஐ. கட்டிக்கொண்டார். போலீஸ் குடியிருப்பில் மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். ஸ்டேஷனில் 'சார்', வீட்டுப் படிக்கட்டில் 'மாப்பிள்ளை'.

ஏட்டின் மனைவிக்கு வேலை ராணுவ ஆஸ்பத்திரியில், செயற்கைக் கால் பிரிவில். கால் போனவர்களுக்கு அளவெடுத்து, கால் பொருத்தி, நடக்கப் பழக்குகிற இடம். அதை மூடிவிட்டு, பணம் கட்டிப் படுக்கிற தனி அறைகள் கட்டப்போகிறார்கள். கால் பழுதானால் இனி தலைநகரத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஒற்றைக் காலோடு ரயில் ஏறு என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கால் இழந்த சிப்பாய்கள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தவர்கள்தான். ஒரு வாரமாக எழுந்திருக்கவில்லை.

அவர்களை எழுப்பத்தான் இந்த உத்தரவு.

அன்று காலையில் ஏட்டின் மனைவி இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. ஏட்டே சட்டையை விரித்துத் தேய்த்தார். காலரில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

கரண்டியும் அங்கே இருக்கிறார் என்று மட்டும் சொன்னாள்.

ஏட்டு பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கரண்டி என்றால் படைப்பிரிவின் சமையல்காரர். சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, அவர் கையால் சாப்பிடாதவர்களும் இருக்க மாட்டார்கள். மேலே பதுங்குகுழியில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கண்ணிவெடியில் கால் வைத்தார். வாளி தப்பியது, கால் போயிற்று. துப்பாக்கி பிடித்தவனுக்குத்தான் பதக்கம். வாளி பிடித்தவனுக்கு யார் கொடுப்பார்கள்?

வெட்டுப்பட்ட இடம் நாளாக நாளாக இளைத்துவிடும், பழைய கால் அதில் உராய்ந்து புண்ணாகிவிடும், கரண்டிக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று அவள் விவரம் சொன்னாள். புதுக் காலுக்கு அளவெடுத்து வைத்திருக்கிறாள். பிரிவை மூடினால் அந்த அளவு அவளிடமே இருக்க வேண்டியதுதான். சாவியைக் கேட்டு ஆபீசிலிருந்து ஆள் வந்தபோது கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

"யார் முன்னாடி அதைக் குத்திக்கிட்டு நிக்கப் போறீங்கன்னு யோசிச்சுக்கங்க. நான் வேற ஒண்ணும் சொல்லல" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வேறு ஒன்றும் சொல்லவில்லைதான். சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தவாவது செய்திருக்கலாம் என்று ஏட்டுக்குத் தோன்றியது.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். எஸ்.ஐ. இறங்கி வந்தார். பதக்கத்துக்குப் பாலிஷ் போட்டிருந்தார், பளபளத்தது. பின்னாலேயே ஏட்டின் தங்கை. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் தொங்கியது. மைதானத்தில் அவள் போடும் சத்தத்துக்குப் பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான் என்று குடியிருப்பில் கிண்டல் உண்டு.

எஸ்.ஐ. எதிரில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். டி.சி. நேற்று அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். டி.சி. என்றால் துணை கமிஷனர். படித்த மனிதர், சின்ன வயது, போர் நடந்த சமயத்தில் கல்லூரியில் இருந்தவர். பதக்கக்காரர்கள் முன்னால் நின்றால் அந்தக் கூட்டம் ஆத்திரப்படாது, கல் எறியாது, நாங்களும் தடியைத் தூக்க வேண்டியிருக்காது, பேசியே கலைத்துவிடலாம் என்பது டி.சி.யின் கணக்காம். எஸ்.ஐ. அதை நம்பினார். மனதார நம்பினார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நாம நிக்கலன்னா வேற எவனாவது நிப்பான், மச்சான். அவனுக்கு அவங்கள யாருன்னே தெரியாது. நாம நின்னா ஒரு சொட்டு ரத்தம் வராது."

தங்கை குறுக்கே புகுந்து, அடிக்க மாட்டார்கள் என்று யார் சொன்னது என்று கேட்டாள். டி.சி. சொன்னார் என்றார் எஸ்.ஐ. வேறு யார் முன்னால் சொன்னார் என்றாள். தன்னிடம் மட்டும்தான், போலீசில் வாய்வார்த்தை போதும் என்றார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"என் பசங்ககிட்டகூட நான் வாய்வார்த்தைய நம்பறதில்ல" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

ஏட்டு இன்னும் பதக்கத்தை எடுக்கவில்லை. எஸ்.ஐ. குரலைத் தாழ்த்தினார்.

"எனக்காக வா, மச்சான். நான் ஒருத்தனாப் போய் அங்க நிக்க முடியாது."

முதுகில் சுமந்துகொண்டு வந்தவன் அதுவரை எதையும் கேட்டதில்லை. அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டான். ஏட்டு அலமாரியைத் திறந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் டி.சி. பதக்கக்காரர்களைத் தன் கையாலேயே வரிசையில் நிறுத்தினார். உயரமானவர்களை நடுவில், குள்ளமானவர்களை ஓரத்தில். ஒருவருடைய ரிப்பன் சாய்ந்திருக்கிறது என்று நேராக்கிவிட்டார். ஜவுளிக்கடை வாசல் பொம்மைக்குச் சேலை மடிப்பு சரிசெய்கிற அதே சிரத்தை. ஏட்டின் காலரைப் பார்த்து முகம் சுளித்தார்.

முன்வரிசைக்கு ஹெல்மெட் கிடையாது, கேடயம் கிடையாது. இருந்தால் பதக்கம் மறைந்துவிடும் அல்லவா? அவர்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் நின்றவர்களுக்கு எல்லாம் இருந்தது. ஹெல்மெட், கேடயம், தடி.

ஏட்டு திரும்பிப் பார்த்தார். பேசிக் கலைப்பதற்கு இவ்வளவு தடி எதற்கு என்று எஸ்.ஐ.யிடம் மெல்லக் கேட்டார். வழக்கமான ஏற்பாடுதான் என்றார் எஸ்.ஐ.

எதிரே, கேட்டுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், தண்ணீர்க் குடங்கள், பக்கத்தில் மனைவிமார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பதக்கம் குத்திய வரிசை நடந்து வருவதைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஏட்டு பல்லைக் கடித்துக்கொண்டார். வசவு வரும், அல்லது செருப்பு வரும்.

கைதட்டல் வந்தது.

நம்ம ஆளுங்க வந்துட்டாங்க என்று யாரோ சொன்னார்கள். அது வாய்க்கு வாய் பரவியது. உட்கார்ந்திருந்தவர்கள் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார்கள். எழ முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே சல்யூட் வைத்தார்கள். தங்களுக்காகப் பேசத்தான் பதக்கக்காரர்கள் திரண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

குண்டு பாய்ந்தபோதுகூட ஏட்டுக்கு அப்படி வலித்ததில்லை. சல்யூட்டுக்குப் பதில் சல்யூட் வைக்கக் கை எழவில்லை. ரிப்பன் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பின்னால் ஒரு மனிதர் நிற்கிறாரே, அவருக்கு இந்தக் கைதட்டல் கேட்டிருக்கும்தானே? கேட்டும் அந்த முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

கரண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். தலை நரைத்துவிட்டது, தொந்தி மட்டும் பழையபடி.

"என்னப்பா ரெண்டு பேரும், கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க" என்றார்.

எஸ்.ஐ.தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஆதரவுக்கு வரவில்லை, கலைக்க வந்திருக்கிறோம் என்பதை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார். கரண்டி சிரிப்பை மெதுவாக மடித்து வைத்தார். கோபப்படவில்லை. ஆஸ்பத்திரி டைரக்டர் ஒரு தடவை வெளியே வந்து எங்களைப் பார்த்துப் பேசட்டும், அவர் வாயால் கேட்டுவிட்டு நாங்களே எழுந்து போய்விடுகிறோம், எங்களுக்கும் வெயிலில் காய ஆசையில்லை என்றார்.

இவ்வளவுதான் கோரிக்கை. ஒரு மனிதர் மாடியிலிருந்து இறங்கி வர வேண்டும். இரண்டு காலும் உள்ள மனிதர்.

எஸ்.ஐ. ஓடிப்போய் டி.சி.யிடம் சொன்னார். என்ன பேசினார்கள் என்பது ஏட்டின் காதில் விழவில்லை. திரும்பி வந்தபோது எஸ்.ஐ.யின் முகம் மலர்ந்திருந்தது. மதியம் வரை அவகாசம், டைரக்டரை அழைத்துவர டி.சி.யே ஏற்பாடு செய்கிறார், அதுவரை ஒருவர் மேலும் கை படாது. நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று ஒலிபெருக்கியையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

எஸ்.ஐ. சொன்னார். மதியம் வரை யாரும் தொட மாட்டார்கள் என்றார். கூட்டம் தயங்கியது.

"என்னை நம்புங்க. இது நான் குடுக்கற வார்த்தை" என்றார்.

நெஞ்சில் பதக்கம் மினுங்கியது. நம்பினார்கள்.

வெயிலில் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட வேதனை என்று ஏட்டின் மனைவி வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறாள். உள்ளே வியர்வை தேங்கும், தோல் ஊறிப்போய் உரியும். மதியம் வரை அவகாசம் என்றதும் ஒவ்வொருவராகப் பெல்ட்டைத் தளர்த்தினார்கள். காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். மீதிக் காலில் மாட்டியிருந்த துணி உறையை உருவி, துண்டால் துடைத்து, காற்றுப்பட விட்டார்கள். கரண்டியும் கழற்றினார். அவருடைய புண்ணைப் பார்த்துவிட்டு ஏட்டு தலையைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து போலீஸ் விசில் கேட்டது.

முதலிலிருந்தே இதுதான் திட்டமா, இல்லை அத்தனை பேரும் காலைக் கழற்றியதைப் பார்த்த பிறகு டி.சி.க்குத் தோன்றிய யோசனையா என்று யாருக்கும் தெரியாது. எதுவாக இருந்தால் என்ன? ஓட முடியாதவர்கள் எழவும் முடியாமல் இருந்த நிமிஷம் பார்த்து, ஹெல்மெட் போட்டவர்கள் பதக்கக்காரர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள்.

ஏட்டு திரும்பி நின்றார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கைகளை விரித்து, வந்தவர்களை மறித்தார். தள்ளுங்க ஏட்டய்யா என்று முதலில் வந்தவன் கெஞ்சலாகச் சொன்னான். அவர் நகரவில்லை. அவன் சுற்றிக்கொண்டு போனான். அடுத்தவனும் சுற்றிக்கொண்டு போனான். நடு ஆற்றில் நட்ட கம்பத்தை வெள்ளம் என்ன செய்யும்? இரண்டு பக்கமும் ஒதுங்கி ஓடும். அவருக்குப் பின்னால் தடி விழும் சத்தமும் பெண்களின் அலறலும் கேட்டன.

எஸ்.ஐ. கையில் ஒலிபெருக்கியோடு நின்ற இடத்திலேயே நின்றார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

அடித்ததோடு விடவில்லை. தரையில் கிடந்த கால்களையும் ஊன்றுகோல்களையும் பொறுக்கி லாரியில் எறிந்தார்கள். கால் இல்லாவிட்டால் மறுபடி வந்து உட்கார மாட்டார்கள் என்று எந்த மூளைக்கோ பட்டிருக்கிறது. விறகு ஏற்றுவது போல ஏற்றினார்கள்.

அதைப் பார்த்ததும் ஏட்டுக்குள் ஏதோ அறுந்தது. கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. நேராக லாரிக்குப் போனார். குண்டு வாங்கிய தொடை ஒத்துழைக்கவில்லை. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துத் தொங்கி மேலே ஏறினார். குவியலிலிருந்து ஒரு காலை எடுத்தார். உள்பக்கம் பார்த்தார். அவர் மனைவி ஒவ்வொரு காலின் உள்ளேயும் ஆளின் பெயரை எழுதிவைப்பது வழக்கம். அவளுடைய உருண்டை எழுத்து. பெயரைப் படித்து உரக்கக் கூப்பிட்டார். கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. ஒரு பெண் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். அடுத்த காலை எடுத்தார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

தடி வைத்திருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவனுக்கும் அந்த லாரியில் ஏறி அவரைத் தடுக்கத் தோன்றவில்லை.

அதற்குள் ஆஸ்பத்திரியின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஏட்டின் மனைவி. கொடுக்க மாட்டேன் என்று வைத்துக்கொண்ட சாவியால் செயற்கைக் கால் பிரிவைத் திறந்து, அடிபட்டவர்களைக் கைத்தாங்கலாக உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். லாரி மேல் புருஷனைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. உடனே வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

டி.சி. லாரிக்கு அருகில் வந்து, இறங்கும்படி ஏட்டுக்கு உத்தரவிட்டார். ஏட்டு அடுத்த பெயரைப் படித்தார். டி.சி.க்குக் காது சிவந்துவிட்டது. எஸ்.ஐ.யைக் கூப்பிட்டு, அந்த ஆளை இறக்கி, பெல்ட்டையும் தொப்பியையும் கழற்று என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். போலீசை அவிழ்க்கப் போலீசைத்தான் அனுப்ப வேண்டும், மச்சானை அவிழ்க்க மாப்பிள்ளையை அனுப்பினால் இன்னும் நன்றாக இருக்கும்.

எஸ்.ஐ. வந்து லாரிக்குக் கீழே நின்றார்.

"இறங்கு, மச்சான்."

"உன் வார்த்தைய நம்பித்தான் மாப்பிள்ளை அவங்க காலக் கழட்டினாங்க."

"தெரியும். இறங்கு."

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. குடுத்துட்டு இறங்கறேன்."

எஸ்.ஐ. காத்திருந்தார். அதைச் சொல்லியாக வேண்டும். மேலதிகாரி பின்னால் நின்று பல்லை நறநறக்க, கடைசிக் கால் போகும்வரை காத்திருந்தார். பிறகு கை கொடுத்து ஏட்டை இறக்கினார். பெல்ட்டைக் கழற்றினார். தொப்பியை எடுத்தார்.

பதக்கத்தையும் எடு என்றார் டி.சி.

எஸ்.ஐ.யின் கை ஏட்டின் நெஞ்சு வரை போய் நின்றது.

"அது நம்ம இலாகா குடுத்தது இல்ல, சார்" என்றார். கையைக் கீழே போட்டார்.

சாயங்காலம் ஏட்டு வீட்டில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து நிறுத்திவைத்தாயிற்று. டிவியில் செய்தி ஓடியது. பதக்கம் குத்திய முன்வரிசை கம்பீரமாக நடந்து வருவதைக் காட்டினார்கள். கைதட்டலைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு ஒன்றையும் காட்டவில்லை. போர் வீரர்களே முன்னின்று பேசி, போராட்டத்தை அமைதியாக முடித்துவைத்தார்களாம். ஒரே ஒரு காவலர் மட்டும் பணியைத் தடுத்தாராம். அவர் போரில் மனம் பாதிக்கப்பட்டவராம், இலாகா அவரைப் பரிவோடு அணுகுகிறதாம்.

பரிவு. காலைப் பிடுங்கி லாரியில் எறிந்தவர்களின் பரிவு.

ஏட்டின் மனைவி அப்போதுதான் வந்திருந்தாள். சேலையில் கறை. செய்தியைக் கேட்டுவிட்டு டிவியை அணைத்தாள். கரண்டிக்கு மண்டையில் தையல், மணிக்கட்டில் முறிவு என்றாள். ஊன்றுகோல் பிடிக்கிற கை. நாளைக்குப் பிரிவைப் பூட்டிச் சீல் வைக்க வருகிறார்களாம், அடிபட்டவர்கள் உள்ளே இருக்கும்வரை நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, குளித்து உடுப்பு மாற்ற வந்திருக்கிறாள். ஏட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காலையில் பேசாததற்கும் சேர்த்து அப்படி நின்றாள்.

எஸ்.ஐ. உள்ளே வந்தபோது பின்னாலேயே தங்கையும் வந்தாள். விசில் இன்னும் கழுத்தில் இருந்தது.

நாளைக் காலையில் விசாரணை என்றார் எஸ்.ஐ. உத்தரவை மீறினார், கலகம் செய்தார் என்று எழுதினால் ஜெயில். மனம் பாதித்தவர் என்று எழுதினால் மருத்துவ ஓய்வு, பென்ஷனும் உண்டு, ஜெயில் கிடையாது. வீட்டில் ராத்திரி அலறி எழுவார், தனக்குத் தானே பேசுவார் என்று நெருங்கிய ஆள் ஒருவர் சாட்சி சொன்னால் போதும். டி.சி.யே வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"உனக்காகத்தான் மச்சான். ஜெயிலுக்கு உன்ன அனுப்ப என்னால முடியாது."

ஏட்டு அவரையே பார்த்தார்.

"எனக்குப் பைத்தியம்னு சொல்லப் போற. அதுவும் எனக்காக."

"வேற வழி இருந்தா நீயே சொல்லு."

இருக்கிறது என்றாள் தங்கை. மைதானத்துக் குரல் இல்லை, அடங்கிய குரல். மதியம் வரை யாரும் தொட மாட்டார்கள் என்று டி.சி. யாரிடம் சொன்னார்? எஸ்.ஐ.யிடம். வேறு யார் காதிலும் அது விழவில்லை. அதை நாளைக்கு விசாரணையில் சொல்லட்டும். வார்த்தை கொடுத்துக் காலைக் கழற்றவைத்து அடித்தார்கள் என்று சொல்லட்டும். அப்புறம் யார் உத்தரவை மீறினது, யார் மீறாதது என்று ஊரே பேசிக்கொள்ளும்.

அதைச் சொன்னால் தன் வேலை போய்விடும், வீடு போய்விடும், அதோடும் நிற்காது என்றார் எஸ்.ஐ. தெரியும் என்றாள். பொய் சொன்ன ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தது தன் கை என்பதையும் ஊர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். அதுவும் தெரியும் என்றாள். எஸ்.ஐ. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் குண்டு மழையில் ஒருவனைச் சுமந்துகொண்டு வந்தவர், கோழை என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு அவரைச் சுட்டவர்கள் எதிரில் இருந்தார்கள். இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

வெளியே ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. ஒரு போலீஸ்காரர் வாசலில் வந்து விறைப்பாக நின்று, டி.சி. இப்போதே எஸ்.ஐ.யைப் பார்க்க வேண்டும் என்கிறார், வாக்குமூலத்தை இன்றைக்கே வாங்கிவிடலாம் என்றார் என்று சொன்னார். ஏட்டின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

நாளைக்கு என்றது இன்றைக்காகிவிட்டது. யோசிக்க ஒரு ராத்திரிகூட விடவில்லை.

எஸ்.ஐ. எழுந்தார். தொப்பி மாடியில் இருந்தது. தங்கை போய் எடுத்துவந்து கொடுத்தாள். அவர் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஏட்டின் பக்கம் திரும்பினார்.

"கரண்டியோட கால் அவர்கிட்ட போய்ச் சேந்துதா?"

"சேந்துது" என்றார் ஏட்டு. "கை ஒடஞ்சிருச்சு."

எஸ்.ஐ. தலையசைத்துவிட்டு வாசற்படி இறங்கினார். தங்கை பின்னாலேயே போய் நின்றாள்.

"அங்க என்ன சொன்னீங்கன்னு திரும்பி வந்ததும் கதவுக்கு வெளியவே நின்னு சொல்லிடுங்க. கேட்டுட்டுத்தான் திறக்கிறதா வேணாமான்னு பார்ப்பேன்."

அவர் ஜீப்பில் ஏறினார். ஜீப் தெருமுனை திரும்பும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு படியேறிப் போனாள். மாடியில் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கீழே ஏட்டுக்கும் அவர் மனைவிக்கும் தெளிவாகக் கேட்டது.